விடுமுறைக்குக் கடையை மூடும் முன்: திறக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம். கொஞ்சம் நேரடி விற்பனை, கொஞ்சம் ஆன்லைன் ஆர்டர், பின்பக்கம் ஒரு சிறிய பட்டறை. விடுமுறைக் காலத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் முழுக்க மூடப்போகிறார்கள். என்னென்ன தயார் செய்ய வேண்டும், எவ்வளவு முன்னால் ஆரம்பிக்க வேண்டும், மூடியிருக்கும்போது வாடிக்கையாளர்களுக்குச் சொந்த கைபேசி எண்ணைக் கொடுக்கலாமா?

சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கும் நிர்வாகமும் பார்த்துக்கொடுப்பது என் வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், மூடியிருக்கிற பத்து நாளில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. தலைவலி வருவது மூடுவதற்கு முந்தைய வாரத்திலும், திறந்த பிறகு முதல் இரண்டு மூன்று நாளிலும். பணத்தட்டுப்பாடு இன்னும் தாமதமாக, கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து வரும். ஆனால் எல்லோரும் தயாராவது அந்தப் பத்து நாளுக்கு மட்டும்தான்: பூட்டு, சிசிடிவி, வாசலில் ஒரு பலகை, அவ்வளவு. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த முன்னும் பின்னும் பற்றியது.

முதலில் மூன்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். திறக்கும் நாள், மூடும் நாள், கடைசி ஆர்டர் எடுக்கும் நாள். இந்த வரிசையில்தான். திறக்கும் நாள் உறுதியானால்தான் வாடிக்கையாளரிடம் எதையும் சொல்ல முடியும். கடைசி ஆர்டர் நாளை யாருமே தனியாக யோசிப்பதில்லை, மூடும் நாள்தான் கடைசி ஆர்டர் நாள் என்று மனதில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஆர்டரைச் செய்து முடித்து, பேக் செய்து, கூரியரிடம் கொடுத்து, அது போய்ச் சேர்ந்து, ஏதாவது குறை இருந்தால் வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்ல ஒரு நாளாவது நீங்கள் வேலையில் இருக்க வேண்டும். செய்ய மூன்று நாள், போய்ச்சேர மூன்று நாள், அந்த ஒரு நாள் என்றால், மூடுவதற்கு ஏழு வேலை நாளுக்கு முன்னாலேயே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். "ஏழு நாள் விற்பனை போய்விடுமே" என்று தோன்றும். போகாது. அதற்குப் பிறகு வருகிற ஆர்டரையும் எடுங்கள், ஆனால் "திறந்த பிறகு இந்தத் தேதிக்கு அனுப்புவோம்" என்று சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு எடுங்கள். நிறையப் பேர் சரி என்றுதான் சொல்வார்கள். சொல்லாமல் எடுத்து, கடைசி நாள் ராத்திரி அவசரத்தில் செய்து அனுப்பிய பொருள்தான் திறந்த அன்று காலையில் புகாராகத் திரும்பி வரும்.

கூரியரிலும் ஒரு விஷயம். நீங்கள் அனுப்புகிற பொருள் ஓர் அலுவலகத்துக்குப் போகிறதென்றால், அந்த அலுவலகம் எப்போது மூடுகிறது என்று கேளுங்கள். பூட்டிய கதவு வரை போய்த் திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு முறை கட்டணம், அது திரும்பி வந்து நிற்பது உங்கள் பூட்டிய கதவில். அதே மாதிரி உங்களுக்கு வர வேண்டிய சரக்கு எதுவும் மூடியிருக்கும் நாளில் வந்து இறங்காதபடி ஒவ்வொரு சப்ளையரிடமும் பேசிவிடுங்கள். சப்ளையர்களின் விடுமுறை உங்கள் விடுமுறையோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சீனாவிலிருந்து பொருள் வருகிறதென்றால், அங்கே சந்திரப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் விழும், அதை ஒட்டிப் பல தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். நீங்கள் ஆண்டு முடிவில் மூடி, ஜனவரியில் திறந்து, ஸ்டாக் பார்த்து, மெதுவாக ஆர்டர் போட்டால் அவர்கள் மூடும் நேரம் வந்திருக்கும். திறந்த பிறகு முதல் மூன்று வாரத்துக்கு என்ன பொருள் வேண்டும் என்பதை மூடுவதற்கு முன்பே ஆர்டர் போட்டுவிடுவதுதான் பத்திரம்.

அறிவிப்பு. "பத்து நாள் விடுமுறை" என்று வாசலில் எழுதி ஒட்டுகிறார்கள். என்றிலிருந்து பத்து நாள்? ஒட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். திறக்கும் தேதி, கிழமை, நேரம் இந்த மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும், மூடும் தேதிகூட அவசியமில்லை. அதே வாசகம் இணையதளத்தின் முதல் பக்கத்தில், கூகுள் மேப்ஸில் உங்கள் கடையின் சிறப்பு நேரம் என்ற இடத்தில், வாட்ஸ்அப் பிசினஸின் தானியங்கி பதிலில், மின்னஞ்சல் தானியங்கி பதிலில், தொலைபேசியில் குரல் பதிவு இருந்தால் அதிலும். எல்லா இடத்திலும் ஒரே தேதி இருக்கிறதா என்று வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. வாடிக்கையாளர்களுக்கு முதல் தகவல் மூன்று நான்கு வாரத்துக்கு முன், கடைசி ஆர்டர் நாளுக்கு இரண்டு நாள் முன் ஒரு நினைவூட்டல், போதும். அதற்கு மேல் அனுப்பினால் படிக்கமாட்டார்கள். "எல்லோரும் ஊருக்குப் போகிறோம், கட்டிடம் காலி" என்கிற தொனியில் சமூக வலைதளத்தில் படம் போடுவதை மட்டும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணம். இதில்தான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

கடனுக்கு விற்கிற வியாபாரம் என்றால், இன்று போடும் பில்லுக்கு 30 நாள் கழித்துப் பணம் வரும் என்று வைத்துக்கொள்வோம். மூடியிருக்கும் பத்து நாளில் நீங்கள் ஒரு பில்லும் போடப்போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் போன மாதம் போட்ட பில்களுக்கான பணம் வந்துகொண்டிருக்கும், சம்பளம் தவிர பெரிய செலவும் இருக்காது, அதனால் வங்கிக் கணக்கு செழிப்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு உரிமையாளர் கொஞ்சம் எடுத்துச் செலவழிப்பார், அதுவும் இயல்புதான். அப்புறம் திறந்து, வேலை சூடுபிடித்து, எல்லாம் நன்றாகப் போகும்போது, மூடிய நாளிலிருந்து 30-ஆவது நாள் முதல் 40-ஆவது நாள் வரை வரவு திடீரென்று வற்றிப்போகும். காரணம் யாருக்கும் உடனே புரியாது, ஏனென்றால் கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே சமயத்தில் விடுமுறைக்கு முந்தைய கூட்டத்துக்காக வாங்கிக் குவித்த சரக்கின் பில் கட்ட வேண்டிய தேதியும் வந்து நிற்கும். ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் விற்பனை இல்லை, ஆனால் வாடகை, சம்பளம், கடன் தவணை, காப்பீடு எதுவும் மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை. அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று மூடுவதற்கு முன்பே ஒரு தாளில் வாரவாரியாக வரவு, செலவு எழுதிப் பாருங்கள். மூடுவதிலிருந்து எட்டு வாரம் வரை எழுதுங்கள், நான்கு வாரம் போதாது, ஓட்டை ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் இருக்கிறது. கடனே கொடுக்காமல் கையில் காசு வாங்கி விற்கிற கடைக்கு இது அப்படியே பொருந்தாது, அவர்களுக்கு ஓட்டை மூடிய அந்தப் பத்து நாளிலேயே வந்துவிடும், குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும்.

அதை அடைக்க வழி இருக்கிறது. பாதி முடிந்த வேலைக்கு, முடிந்த அளவுக்கு மூடுவதற்கு முன்பே பில் போட்டுவிடுங்கள், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் முன்கூட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். திறந்த பிறகு செய்யும் ஆர்டருக்கு முன்பணம் என்று மேலே சொன்னேனே, அதுவும் இதற்குத்தான். பாக்கி வசூலுக்குப் போன் செய்யும்போது "எப்போது பணம் தருவீர்கள்" என்று கேட்காதீர்கள். "விடுமுறைக்கு முன் உங்கள் கணக்குப் பிரிவு கடைசியாகப் பேமென்ட் போடும் நாள் எது, அதில் எங்கள் பில் சேர எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் "சீக்கிரம்" என்று வரும், இரண்டாவது கேள்விக்கு ஒரு தேதி வரும். இதை நான்கு வாரத்துக்கு முன் கேட்க வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் கையெழுத்துப் போடுகிறவர் ஏற்கெனவே விடுப்பில் இருப்பார். சப்ளையரிடம் ஒரு வாரம் கூடுதல் அவகாசம் வேண்டுமென்றாலும் மூடுவதற்கு முன்பே கேளுங்கள். தேதி தாண்டிய பிறகு கேட்பதற்கும் முன்னால் கேட்பதற்கும் அவர்கள் காட்டும் முகமே வேறு.

வங்கி விடுமுறை நாட்களைத் தனியாகப் பாருங்கள், அவை உங்கள் விடுமுறை நாட்களோடு சரியாகப் பொருந்தாது. சம்பளம் எந்த நாளில் கணக்கில் விழ வேண்டும், தானாகப் பிடித்துக்கொள்ளும் தவணைகள் எந்த நாளில் போகும், வரி தாக்கல் கெடு ஏதாவது நடுவில் வருகிறதா. வரி அலுவலகம் நீங்கள் மூடியிருக்கிறீர்கள் என்பதற்காகக் கெடுவை நகர்த்தாது. ஓடிபி வருகிற கைபேசி யாரிடம் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். அந்த சிம் வெளிநாட்டுக்குப் போய் ரோமிங் இல்லாமல் கிடந்தால், கணக்கில் பணம் இருந்தும் சம்பளம் போடவே முடியாது.

திருட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பூட்டை நினைக்கிறார்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். பெரிய திருட்டுகள் நாள்காட்டியைப் பார்த்து நடக்கின்றன. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணத்தை நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து எடுத்த கும்பல் வியாழக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளி வங்கதேசத்தில் வார விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கட்கிழமை பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் சந்திரப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கவனித்து மற்றவரைக் கூப்பிடும்போது அந்தப் பக்கம் எடுக்க ஆள் இல்லை. 8.1 கோடி டாலர் போனது. 2021 ஜூலை 2 அன்று, அமெரிக்காவின் நீண்ட வார இறுதிக்குச் சற்று முன், கசேயா என்கிற மென்பொருள் வழியாக நடந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்) தாக்குதலில் மாட்டியதில் பெரும்பாலானவை சின்ன நிறுவனங்கள், தங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வெளி ஆளிடம் ஒப்படைத்திருந்தவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-இல் எஃப்பிஐயும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து விடுமுறை, வார இறுதித் தாக்குதல்கள் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டன.

உங்கள் அளவில் இது எப்படி வரும்? கடைசி வேலை நாள் மத்தியானம், எல்லோரும் கிளம்பும் அவசரத்தில், ஒரு சப்ளையர் பெயரில் மின்னஞ்சல்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, விடுமுறைக்கு முன் இந்தப் புதிய கணக்குக்குப் போட்டுவிடுங்கள்." அல்லது உரிமையாளர் பெயரிலேயே கணக்காளருக்கு ஒரு செய்தி. அதனால் ஒரு விதி வைத்துவிடுங்கள்: மூடுவதற்கு முந்தைய வாரமும் திறந்த பிறகு முதல் வாரமும் யாருடைய வங்கி விவரத்தையும் மாற்றுவதில்லை, மாற்றியே ஆக வேண்டுமென்றால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான். அந்த மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு இல்லை. தானியங்கி பதிலிலும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். "நான் இந்தத் தேதி வரை வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் சம்பந்தமாக இன்னாரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள்" என்று எழுதினால், முன்பின் தெரியாத யார் மின்னஞ்சல் அனுப்பினாலும் அவர்களுக்கு இது போகும். திறக்கும் தேதியும் ஒரு பொது முகவரியும் போதும்.

பேக்கப் கடைசி நாளில் ஒரு தடவை எடுங்கள், மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று கட்டிடத்துக்கு வெளியே என்பது பழைய வழக்கம், இன்றைக்கும் சரிதான். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது திரும்பத் திறந்து பாருங்கள். கணினியோடு செருகியே கிடக்கும் ஹார்டு டிஸ்க் ரான்சம்வேருக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கும், கழற்றி வையுங்கள். டொமைன் பெயர், இணையதளச் சான்றிதழ், ஏதாவது சந்தா இந்தப் பத்து நாளில் காலாவதி ஆகிறதா என்று பார்த்து முன்பே புதுப்பியுங்கள். ஆன்லைன் விளம்பரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மூடிய கடைக்கு ஆள் கூப்பிட நாள்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். எட்ஸி மாதிரியான விற்பனைத் தளங்களில் விடுமுறை நிலை என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போடுங்கள், இல்லையென்றால் தாமதமாக அனுப்பியதாக உங்கள் மதிப்பெண் குறையும்.

ஆட்கள் விஷயம் சுருக்கம்தான், ஆனால் சீக்கிரம் பேச வேண்டும். இந்தப் பத்து நாள் அவர்களுடைய ஆண்டு விடுப்பில் கழிகிறதா, நிறுவனம் தனியாகக் கொடுக்கிறதா, சம்பளம் உண்டா? இதை எழுதிக் கொடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில், எடுக்கச் சொல்லும் விடுப்பு நாட்களைப் போல இரண்டு மடங்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், அதாவது பத்து நாளுக்கு இருபது நாள் முன்பாவது. உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் இது நல்ல அளவுகோல், நான் அதைவிட அதிகமாக, ஆறு வாரம் முன் சொல்லுங்கள் என்பேன், பயணச்சீட்டு போடுகிறவர்களுக்கு அதுதான் உதவும். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்பார்கள். யாருக்கு, எந்த வரிசையில் என்று முன்பே முடிவு செய்யாவிட்டால், கடைசி நாள் உரிமையாளர் தனியாக நின்று பேக் செய்துகொண்டிருப்பார்.

சரி, கட்டிடம். கடைசி நாளில் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள், வேலை எல்லாம் முடிந்து, ஆட்கள் போன பிறகு, ஒரு தாளோடு இரண்டு பேர் நடந்து பாருங்கள்.

மின்சாரத்தில் ஆரம்பிக்கலாம். பலர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள், பாதுகாப்பு என்று. அதோடு சேர்ந்து ரவுட்டரும், சிசிடிவி பதிவுப் பெட்டியும், அலாரமும், ஃப்ரிட்ஜும் போய்விடும். அலாரம் உள்ளே இருக்கும் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் அதுவும் இல்லை. சரியான வழி, ஒவ்வொரு பிரேக்கரும் எதற்குப் போகிறது என்று முந்தைய வாரத்தில் ஒருநாள் அணைத்து அணைத்துப் பார்த்து, பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுவது. பட்டறை இயந்திரங்கள், ஹீட்டர், சார்ஜர்கள் அணைய வேண்டும், ரவுட்டர், சிசிடிவி, அலாரம், ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். அணைத்த பிறகு வெளியே வந்து, கைபேசியில் மொபைல் டேட்டாவில் சிசிடிவி தெரிகிறதா என்று பாருங்கள். கடை வைஃபையில் இருந்துகொண்டே பார்த்தால் வெளியிலிருந்து தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

லித்தியம் பேட்டரி எதையும் சார்ஜில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், பாதி சார்ஜில் கழற்றி வைப்பதுதான் பேட்டரிக்கும் நல்லது. ஈய-அமில பேட்டரி நேர்மாறு, முழு சார்ஜ் செய்துவிட்டு வையுங்கள், காலியாகக் கிடந்தால் கெட்டுப்போகும். பட்டறையில் மர வேலை உண்டென்றால் இதைக் கட்டாயம் படியுங்கள்: ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷைத் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போதே சூடாகி, குவியலின் உள்ளே அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்ளும். சில மணி நேரத்தில் நடக்கக்கூடியது. துணிகளை வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து நன்றாக உலரவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள். கடைசி நாள் சுத்தம் செய்யும் வேகத்தில் எல்லாத் துணியையும் ஒரே குப்பைப் பையில் திணிப்பதுதான் இதில் மிக மோசமான செயல். கம்ப்ரஸர் இருந்தால் காற்றை விட்டு, அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

தண்ணீரை மெயின் வால்விலேயே மூடுங்கள். பத்து நாள் கவனிக்க ஆளில்லாத ஒரு சின்னக் கசிவு செய்கிற சேதத்தை எந்தத் திருடனாலும் செய்ய முடியாது. தரை வடிகால்களிலும் அதிகம் பயன்படுத்தாத சிங்கிலும் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் பூச்சியையும் தடுக்கிறது. வெயில் காலத்தில் அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும், திறந்த அன்று கதவைத் திறக்கும்போது மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்காது.

ஃப்ரீசரில் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால், மின்சாரம் போனாலும் கதவு திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியானது 24 மணி நேரம், சாதாரண ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். ஆனால் நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் போய் உறைந்திருந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

அலாரம் அடித்தால் யாருக்கு அழைப்பு வரும்? அந்தப் பட்டியல் போன வருடம் வேலையை விட்டுப் போனவர் பெயரில் இருக்கும், பல இடங்களில் பார்த்திருக்கிறேன். லண்டன் ஹேட்டன் கார்டனில் 2015 ஈஸ்டர் விடுமுறையில் பாதுகாப்புப் பெட்டக அறையின் சுவரைத் துளைத்துக் கொள்ளையடித்தபோது அலாரம் அடிக்காமல் இல்லை. அடித்தது, போலீஸுக்குத் தகவலும் போனது, ஆனால் போக வேண்டிய தேவையில்லை என்று வகைப்படுத்திவிட்டார்கள். காவலாளி வந்து வெளியே பார்த்துவிட்டுப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அதனால் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவராவது ஊரில் இருக்கட்டும், அவர் உள்ளே போய்ப் பார்க்கிறவராக இருக்கட்டும். நடுவில் ஒரு நாள் எட்டிப் பார்த்து வாசலில் சேர்ந்த கடிதங்களை எடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள். கட்டிடம் காலியாக இருக்கக்கூடிய நாளுக்கு 30 அல்லது 60 என்று வரம்பு வைப்பது வழக்கம், பத்து நாளுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் அலாரம் போட்டிருக்க வேண்டும், பெட்டகத்தில் இவ்வளவுக்கு மேல் ரொக்கம் இருக்கக்கூடாது என்கிற நிபந்தனைகள் பத்து நாளுக்கும் பொருந்தும். ரொக்கத்தை வங்கியில் கட்டிவிட்டு, காலி கல்லாப்பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள், உடைக்கிறவன் அதையாவது உடைக்காமல் விடுவான்.

திறக்கும் நாள். அறிவித்த தேதிக்கு முந்தைய நாள் நீங்களும் இன்னொருவரும் உள்ளே போய்விடுங்கள், கதவு மூடியே இருக்கட்டும். வால்வைத் திறந்து எல்லாக் குழாயையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். தேங்கிய தண்ணீர் 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகக் கிடந்தால் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும், அது சாரலாக மூச்சில் போவதுதான் ஆபத்து. அதனால் ஷவர் இருந்தால் சாரல் பறக்காமல் மெதுவாகத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கணினிகளை அன்றே போடுங்கள், பத்து நாள் அப்டேட் எல்லாம் வரிசையில் நிற்கும், வாடிக்கையாளர் முன்னால் அது ஓட வேண்டாம்.

அப்புறம் சேர்ந்து கிடக்கும் செய்திகள். மேலிருந்தோ கீழிருந்தோ வரிசையாகப் பதில் போட ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் எல்லாவற்றையும் பதில் போடாமல் ஒருமுறை பாருங்கள், பாதி தானாகத் தீர்ந்திருக்கும், "பரவாயில்லை, கிடைத்துவிட்டது" என்று அவர்களே இரண்டாவது செய்தி அனுப்பியிருப்பார்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் புகார் சொன்னவர்களுக்கும் முதலில், புதிதாக விலை கேட்டவர்களுக்கு அடுத்து, சப்ளையர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு நேரம் இருந்தால். முதல் நாளிலேயே புதுப் பொருள் டெலிவரி தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், மூன்றாவது நாள் என்று சொல்லுங்கள்.

எவ்வளவு முன்னால் ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ஆட்களிடம் பேச ஆறு வாரம், சப்ளையருக்கும் பாக்கி வசூலுக்கும் வரவு-செலவுத் தாளுக்கும் நான்கு வாரம், வாடிக்கையாளருக்கு மூன்று அல்லது நான்கு வாரம், பிரேக்கர் லேபிள் கடைசிக்கு முந்தைய வாரம், பேக்கப் கடைசி நாள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். கணக்கு மென்பொருளை மாற்ற விடுமுறைதான் நல்ல நேரம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சொந்த எண் விஷயம். எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பத்து நாளும் "எப்போது திறப்பீர்கள்" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் விற்ற பொருள் நின்றுபோனால் தங்கள் வேலையே நின்றுபோகும் நிலையில் இருக்கும் வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும், தனியாக வாங்கிய ஒரு மலிவு சிம் எண்ணைக் கொடுங்கள், எதற்கு அழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த சிம்மை முறை வைத்து இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள், வைத்திருக்கிறவருக்கு அந்த நாட்களுக்குக் கூடுதலாக ஏதாவது கொடுங்கள். திறந்த பிறகு சிம்மை அணைத்து மேசைக்குள் போட்டுவிடலாம், ஆனால் செல்லுபடி போகாமல் அவ்வப்போது ரீசார்ஜ் செய்து வையுங்கள், அடுத்த விடுமுறைக்கும் அதே எண் இருந்தால் அவர்களுக்கு மறுபடி சொல்லத் தேவையிருக்காது.